கொட்டகைக்கும் ஒரு காப்பு

தமிழில் 'காப்பு' என்னும் சொல்லுக்குப் பொருள்கள் பல. காத்தலாகிய தொழிலையும் அது குறிக்கும்; காக்கின்ற பொருளையும் குறிக்கும். நூலின் தொடக்கத்தில் புலவர் பாடும் வேண்டுதலைக் காப்புச் செய்யுள் என்றனர். பச்சிளங் குழந்தையின் கையில் இடும் வளையத்தைக் காப்பு என்றனர். இன்றைய அறிவியல் தமிழ், வெப்பம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் பாயாதவாறு இடையில் அமைக்கும் தடுப்பையும் 'வெப்பக் காப்பு' என்று வழங்குகிறது. இதனையே ஆங்கிலர் 'இன்சுலேஷன்' என்பர். அச்சொல் தீவு என்று பொருள்படும் 'இன்சுலா' என்னும் இலத்தீனச் சொல்லின் அடியாகப் பிறந்தது. கடல் சூழ்ந்த தீவைப்போல ஒன்றைத் தனித்துப் பிரித்து வைத்தல் என்பது அதன் உட்பொருள். அவர்தம் சொல் பிரித்தலைச் சொல்கிறது. நம் சொல்லோ காத்தலைச் சொல்கிறது. காத்தல் என்றவுடன் 'யாரைக் காத்தல்?' என்னும் வினா கூடவே எழுகின்றது. வீட்டை ஒட்டிய வண்டிக் கொட்டகையை முன்வைத்து அவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்த்துறை மலரில் தகரக் கூரையைப் பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை என்று சிலர் வியக்கலாம். வாழ்வுக்குப் பயன்படும் அறிவு எதுவாயினும் அதனைத் தாய்மொழியில் எடுத்துரைக்க இயலும் என்று காட்டுவதும் தமிழ்ப்பணியே என்பது நம் கருத்து.

கொட்டகையில் இருப்பது வண்டி மட்டுமன்று

'கராஜ்' என்னும் சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. வண்டியை ஒதுக்கி நிறுத்துதல் என்பது அதன் மூலப்பொருள். நம் ஊர்களில் அதனை வண்டிக் கொட்டகை என்றும், ஷெட் என்றும் வழங்குகிறோம். வீட்டின் பக்கச் சுவரை ஒட்டி நான்கு தூண்களை நிறுத்தி, மேலே துத்தநாகம் பூசிய தகரத் தகட்டையோ சிமெண்டு அட்டையையோ வேய்ந்து, முன்புறம் இரும்பு ஷட்டர் ஒன்றை இறக்கிவிட்டால் கொட்டகை முடிந்தது. வசதி படைத்தோர் கான்கிரீட் தளமே போட்டுவிடுகின்றனர்.

பெயர்தான் வண்டிக் கொட்டகை. பகற்பொழுதில் வண்டி வெளியே சென்றுவிடுகிறது. அப்போது அங்கே இருப்பவர் யார் என்று சற்று எண்ணிப் பார்ப்போம். தையற்பொறியைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு துணி தைக்கும் பெண் இருக்கிறாள். மேலப்பாளையம் போன்ற ஊர்களில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் தாய்மார் இருக்கின்றனர். வீட்டில் இடமின்மையால் தேர்வுக்குப் படிக்க ஒதுங்கிய கல்லூரி மாணவன் இருக்கிறான். மாலையில் குர்ஆன் ஓத வரும் சிறார்கள் பாய் விரித்து அமர்கின்றனர். சில வீடுகளில் படியேற இயலாத முதியவருக்குக் கட்டில் போட்டுக் கொடுத்திருப்பதும் அவ்விடத்தில்தான். காவலாளி உறங்குவதும் அங்கேயே.

வீட்டின் உள்ளறைகளுக்கு மின்விசிறியும் குளிரூட்டியும் வாங்கும் நாம், வெயில் முதலில் இறங்கும் இவ்விடத்தை வண்டிக்கான இடம் என்றெண்ணி விட்டுவிடுகிறோம். வீட்டில் மிகக் குறைந்த காப்புப் பெற்ற கூரையின் கீழ் மிகுந்த காப்பு வேண்டியவர் அமர்ந்திருக்கின்றனர். இம்முரணே நாம் எடுத்துக்கொண்ட பொருளின் உயிர்நாடியாகும்.

பனிநாட்டுக் கொட்டகை

கொட்டகைக்கு வெப்பக் காப்பு அமைக்கும் வழக்கம் பனிமிக்க நாடுகளில் பெரிதும் வேரூன்றியது. கனடா, அமெரிக்காவின் வடமாநிலங்கள் முதலியவற்றில் கொட்டகை பெரும்பாலும் வீட்டோடு ஒட்டியே கட்டப்படுகின்றது. வெளியே உறைபனி நிலவும்போது காப்பில்லாத கொட்டகை குளிர்ப்பெட்டியாகிவிடும். பொதுச்சுவர் வழியே வீட்டின் வெதுவெதுப்பும் அதனுள் கசிந்து வீணாகும். கொட்டகை வழியே செல்லும் குழாயில் நீர் உறைந்து குழாய் வெடிப்பதுண்டு. மின்கலம் வலுவிழந்து வண்டி கிளம்ப மறுப்பதுண்டு. கொட்டகையின் மேலுள்ள படுக்கையறையில் தரை சில்லிடும். ஆகவே அந்நாட்டார் சுவரிலும் கூரையிலும் கதவிலும் கண்ணாடி இழைப் பஞ்சையோ நுரைப் பலகையையோ பொருத்தி உள்வெப்பம் வெளியேறாமல் காக்கின்றனர்.

நம் நிலையோ இதற்கு நேர்மாறானது. அவர்கள் வெப்பத்தைப் போகவிடாமல் தடுக்கின்றனர். நாம் வரவிடாமல் தடுக்க வேண்டும். எனினும் இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே. வெப்பம் எப்போதும் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்கே பாயும். அப்பாய்ச்சலைத் தாமதப்படுத்துவது எதுவோ அது காப்பு. கம்பளி குளிரில் உடற்சூட்டைக் காக்கிறது. அதே கம்பளியைப் பனிக்கட்டியின்மேல் சுற்றினால் பனிக்கட்டி விரைவில் உருகாமல் காக்கிறது. கம்பளிக்குச் சூடு, குளிர் என்ற வேற்றுமை தெரியாது.

வெப்பம் வரும் மூன்று வழிகள்

வெப்பம் மூன்று வழிகளில் இடம்பெயர்கிறது. ஒன்று, கடத்தல். அடுப்பிலிருக்கும் கரண்டியின் காம்பு சுடுவது இதனால். இரண்டு, சலனம். சூடேறிய காற்று மேலெழுந்து, குளிர்ந்த காற்று கீழிறங்கிச் சுழல்வது இது. மூன்று, கதிர்வீச்சு. அடுப்பைத் தொடாமல் அருகில் நின்றாலும் முகம் காய்வது இதனால். கதிரவன் வெப்பம் வெற்றிடத்தைக் கடந்து நம்மை அடைவதும் இவ்வழியேதான்.

தகரக் கொட்டகையில் இம்மூன்றும் ஒருங்கே நிகழ்கின்றன. கோடைப் பகலில் தகடு கதிரவன் ஒளியை உண்டு 60 டிகிரி செல்சியசுக்கு மேலும் சூடேறும். தகடு மெல்லியதாகலின் மேற்புறச் சூடு நொடியில் அடிப்புறம் வந்துவிடும். சூடான அடிப்புறம் கீழே இருப்போரின் தலைமீது கதிர்வீச்சைப் பொழியும். மின்விசிறியைச் சுழலவிட்டால் அது கூரையடியில் தேங்கிய அனற்காற்றையே கீழே தள்ளும். விசிறி ஓடியும் வேர்வை அடங்காததன் காரணம் இதுவே.

கான்கிரீட் தளத்தின் தன்மை வேறு. அது பகல் முழுவதும் வெப்பத்தை உண்டு தன்னுள் சேமித்து வைக்கும். மாலையிலும் முன்னிரவிலும் சிறுகச் சிறுக உள்ளே விடும். மஃரிபுத் தொழுகை முடிந்து வீடு திரும்பும்போது தெருவில் காற்றுக் குளிர்ந்திருக்க, அறைக்குள் மட்டும் அனல் அடிப்பது இதனால்தான்.

பொருளுக்குப் பொருள் வெப்பம் கடத்தும் திறன் வேறுபடும். அதனை அளக்க ஓர் எண் உண்டு. எஃகுக்கு அந்த எண் ஏறத்தாழ 50; கான்கிரீட்டுக்கு 1.6, மரத்துக்கு 0.14, பாறைப் பஞ்சுக்கும் கண்ணாடி இழைப் பஞ்சுக்கும் 0.04, தெர்மோகோல் என நாம் வழங்கும் நுரைப் பலகைக்கு 0.035. அசையாத காற்றுக்கோ 0.026 மட்டுமே. எண் சிறுக்கச் சிறுக, காப்பு பெருகும். பஞ்சும் நுரையும் தாமே செய்வது சிறிது. காற்றைச் சிறுசிறு அறைகளில் சிறைப்படுத்தி அசையவொட்டாமல் வைப்பதே அவற்றின் பெரும்பணி. தென்னங்கீற்றுக் கூரை குளிர்ச்சியாக இருப்பதற்கும் கீற்றுகளின் இடையே சிறைப்பட்ட காற்றே முதற்காரணம்.

ஒரு சிறு கணக்கு

10 அடி அகலமும் 15 அடி நீளமும் உள்ள கொட்டகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் கூரைப்பரப்பு 150 சதுர அடி. அதாவது ஏறத்தாழ 14 சதுர மீட்டர். நண்பகலில் தகடு 65 டிகிரியிலும் உள்ளிடம் 35 டிகிரியிலும் இருப்பதாகக் கொண்டால் வேறுபாடு 30 டிகிரி. பொறியியலார் கையாளும் வாய்பாட்டின்படி, வெறுந்தகட்டுக் கூரையின் வழியே உள்ளே இறங்கும் வெப்பம் ஏறத்தாழ 2,500 வாட்டு ஆகும். 1,000 வாட்டு இஸ்திரிப் பெட்டிகள் இரண்டரையைத் தலைக்குமேல் தொங்கவிட்டு இடைவிடாது எரியவிட்டாற்போன்றது இது.

அத்தகட்டின் அடியில் 5 சென்டிமீட்டர் கனமுள்ள பாறைப் பஞ்சைப் பொருத்தினால், அதே வேறுபாட்டில் இறங்கும் வெப்பம் ஏறத்தாழ 300 வாட்டாகக் குறைகின்றது. எட்டில் ஒரு பங்கு! மீதி ஏழு பங்கும் கூரையைத் தாண்டி வருவதில்லை.

கான்கிரீட் தளத்திற்கும் இவ்வாறே கணக்கிடலாம். ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில், உள்ளும் புறமும் 1 டிகிரி வேறுபாடு இருக்கையில் எத்தனை வாட்டு பாய்கிறது என்று காண்பது வழக்கம். 10 சென்டிமீட்டர்க் கான்கிரீட்டுக்கு இவ்வெண் ஏறத்தாழ 3.7. அதன்மேல் 5 சென்டிமீட்டர் நுரைப் பலகை பதித்தால் 0.6. மத்திய மின்விசை அமைச்சகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட 'ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்னும் குடியிருப்புக் கட்டட நெறிமுறை, கூரைக்கு இவ்வெண் 1.2-ஐத் தாண்டலாகாது என வரையறுத்துள்ளது. காப்பில்லாத தளம் அவ்வரம்பைப் போல் மூன்று மடங்கு வெப்பத்தை உள்ளே விடுகிறது என்பது இதனால் புலனாகும்.

முன்னோர் அறிந்த காப்பு

வெப்பக் காப்பு என்பது அண்மைக்காலச் சரக்கு என்று எண்ண வேண்டுவதில்லை. வேனிற்காலத்தில் உறைவதற்கு வேனிற்பள்ளி, குளிர்காலத்தில் உறைவதற்குக் கூதிர்ப்பள்ளி என இருவேறு உறைவிடங்களைச் சிலப்பதிகாரம் சுட்டுகின்றது. பருவத்திற்கேற்ப இடம் மாற்றிக்கொள்ளும் அறிவு தமிழர்க்குப் பழமையானது.

நம் பாட்டன்மார் கட்டிய மெத்தை வீடுகளைக் காண்போம். தேக்கு உத்தரங்களின்மேல் கட்டைகளை அடுக்கி, அவற்றின்மீது மெல்லிய செங்கற்களை நெட்டுக்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைப்பர். அதற்குமேல் செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கியைப் பரப்பிக் கட்டையால் தட்டித் தட்டி இறுக்குவர். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளிப்பர். மேலே தட்டோடு பதிப்பர். கனத்த சுவர், உயர்ந்த கூரை, நடுவே முற்றம், சுற்றிலும் தாழ்வாரம் என அமைந்த அவ்வீடுகளில் சூடேறிய காற்று மேலெழுந்து முற்றத்தின் வழியே வெளியேறிவிடும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களின் பழைய வீடுகளில் கோடையிலும் நுழைந்தவுடன் உடல் ஆறுவதை இன்றும் உணரலாம்.

பின்னர் வளைகுடா நாடுகளின் வருவாய் வந்தது. சிமெண்டும் கம்பியும் எளிதில் கிடைத்தன. மெத்தை வீடுகள் இருந்த இடத்தில் கான்கிரீட் வீடுகள் எழுந்தன. வலிமை மிகுந்தது, வசதியும் மிகுந்தது. ஆயின் கனத்த கூரை மெலிந்தது, முற்றம் மூடப்பட்டது, செலவு மிச்சமென்று சுருக்கியும் தட்டோடும் பல வீடுகளில் கைவிடப்பட்டன. 10 சென்டிமீட்டர்ச் சுருக்கி, நாம் முன்னர்ச் சொன்ன 3.7 என்னும் எண்ணை ஏறத்தாழ 2.5 ஆகக் குறைக்க வல்லது. வரம்பாகிய 1.2-ஐ எட்ட அது மட்டும் போதாது. எனினும் ஒன்றுமில்லாததற்கு அது எவ்வளவோ மேல். பழைய முறையோடு புதிய நுரைப் பலகையைச் சேர்ப்பதே இக்காலத்திற்கு ஏற்றது.

காப்பினால் வரும் நன்மைகள்

முதல் நன்மை உடல்நலம். நம் தோலின் வெப்பம் ஏறத்தாழ 35 டிகிரி. சுற்றியுள்ள காற்று அதனினும் சூடேறிவிட்டால், உடல் தன் வெப்பத்தை வெளியேற்ற வேர்வை ஒன்றே வழியாகிறது. கடற்கரை ஊர்களில் காற்றில் ஈரம் மிகுதி. அங்கே வேர்வையும் எளிதில் உலர்வதில்லை. முதியோர், குழந்தைகள், கருவுற்றோர், இதய நோயாளர் ஆகியோர் இந்நிலையில் விரைந்து தளர்வர். 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் அகமதாபாத்தில் வீசிய வெப்ப அலையின்போது வழக்கத்தினும் 1,344 உயிர்கள் கூடுதலாக இழக்கப்பட்டன என்று ஆய்வாளர் கணக்கிட்டனர். அதன்பின் 2013இல் அந்நகரம் வெப்பத்தை எதிர்கொள்ளும் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. ஏழையர் குடியிருப்புகளின் கூரைகளுக்கு வெள்ளை பூசும் பணியும் பின்னர் அத்திட்டத்தில் இடம்பெற்றது. தெலங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக்கெனத் தனிக்கொள்கையே வெளியிட்டது. தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. கூரை என்பது நலவாழ்வுத் துறையின் பொருளாகவும் ஆகிவிட்டது என்பதற்கு இவை சான்றுகளாம்.

இங்கு நோன்பையும் நினைத்தல் தகும். சந்திர ஆண்டு சூரிய ஆண்டினும் ஏறத்தாழ 11 நாள் குறைந்தது. அதனால் ரமளான் மாதம் ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகின்றது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் அது ஏப்ரல், மே மாதக் கோடையில் அமைந்தது. நீர் அருந்தாமல் நோன்பு நோற்றுக்கொண்டு, தகரத்தின் கீழ் அமர்ந்து தைப்பவர்க்கும் பீடி சுற்றுபவர்க்கும் கூரைச்சூடு எத்தகைய சோதனை என்பதை விளக்க வேண்டுவதில்லை.

இரண்டாம் நன்மை பொருட்செலவு குறைதல். காப்பில்லாத தகரக் கூரையின் கீழ்க் குளிரூட்டி வைப்பது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதற்கு ஒப்பாகும். குளிரூட்டி வெப்பத்தை அழிப்பதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தோடு தான் உண்ட மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்து வெளியே தள்ளுகிறது. நெருக்கமான தெருக்களில் அவ்வெப்பம் சேருமிடம் அண்டை வீட்டாரின் சன்னல். அண்டை வீட்டார் உரிமையைப் பெரிதும் வலியுறுத்தும் மார்க்கத்தைச் சார்ந்த நாம் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கூரையில் ஒருமுறை இட்ட காப்போ மின்கட்டணம் கேட்பதில்லை. அண்டை வீட்டாரைச் சுடுவதுமில்லை.

மூன்றாம் நன்மை உடைமை காத்தல். ஈய அமில மின்கலம் தாங்கும் சூட்டினும் 10 டிகிரி கூடுதலாக நெடுநாள் இருப்பின் அதன் வாழ்நாள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது தொழில்வல்லார் கைக்கொள்ளும் கணக்கு. வண்டியின் மின்கலத்துக்கும், கொட்டகையில் வைத்திருக்கும் இன்வெர்ட்டர் மின்கலத்துக்கும் இது பொருந்தும். சக்கரங்களின் இரப்பரும், இருக்கை உறைகளும், வண்ணப்பூச்சும் சூட்டில் விரைவில் கெடும்.

நான்காம் நன்மை ஒலியடக்கம். மழை பெய்யும்போது தகரத்தின்கீழ் ஒருவர் பேசுவது மற்றவர்க்குக் கேட்பதில்லை. பிள்ளைகள் ஓதுவது நின்றுவிடுகிறது. பஞ்சுக்காப்பு அவ்வொலியைப் பெரிதும் அடக்கும். மார்கழிப் பனியில் தகட்டின் அடியில் நீர் கோத்துச் சொட்டுவதையும், முறையாகப் பொருத்திய காப்பு தவிர்க்கும்.

கருத்தில் கொள்ள வேண்டிய எச்சரிக்கைகள்

நன்மை மட்டும் கூறித் தீமையை மறைப்பது நேர்மையாகாது. கொட்டகை என்பது பெட்ரோலும் மின்கலமும் இருக்குமிடம். தெர்மோகோல் எளிதில் தீப்பற்றும். எரியும்போது கரும்புகையும் நச்சும் கக்கும். ஆதலின் அதனைத் திறந்தபடி கூரையடியில் ஒட்டுதல் கூடவே கூடாது. நுரைப் பலகையைக் கான்கிரீட் தளத்தின் மேற்புறத்தில் தட்டோட்டின் அடியில் இடுதல் நன்று. உட்புறம் காப்பு வேண்டுமாயின் எரியாத பாறைப் பஞ்சையே தேர்ந்து, ஜிப்சம் பலகையாலோ சிமெண்டுப் பலகையாலோ மூடுதல் வேண்டும். அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதிகள் வீட்டையும் கொட்டகையையும் பிரிக்கும் சுவரில் அரை அங்குல ஜிப்சம் பலகை வேண்டுமென வற்புறுத்துவதும் தீக்கு அஞ்சியே. சிக்கனம் கருதிப் பழைய தாள்களையும் அட்டைகளையும் திணிப்பது தீக்கும் கறையானுக்கும் விருந்து வைப்பதாகும்.

வண்டியின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக்காற்று உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காப்பு அமைத்து இடுக்குகளை அடைத்த கொட்டகையில் ஷட்டரை மூடிவைத்து வண்டியை ஓடவிடுதல் உயிருக்கு இறுதி. இன்வெர்ட்டர் மின்கலம் மின்னேற்றம் பெறும்போது எரியக்கூடிய ஹைட்ரஜன் காற்றை வெளிவிடும். ஆகவே வெப்பத்தை அடைக்கலாம். காற்றை அடைத்தல் ஆகாது. சுவரின் கீழே ஒரு திறப்பும் கூரையையொட்டி மேலே ஒரு திறப்பும் என்றும் இருத்தல் வேண்டும். வண்டி நிற்கும் இடத்தில் எவரையும் உறங்க வைத்தலும் தகாது. ஒரு தடுப்புச் சுவராவது இடையில் எழுப்ப வேண்டும்.

பழைய சிமெண்டு அட்டைகளில் கல்நார் கலந்திருக்கும். கல்நாரின் எல்லா வகைகளும் புற்றுநோய் விளைப்பவை என உலக நலவாழ்வு நிறுவனம் கூறியுள்ளது. அவ்வட்டையைத் துளையிடுவதும் அறுப்பதும் நுண்ணிழைகளைக் காற்றில் பரப்பும். அத்தகைய கூரையைச் சீண்டாமல், அதனைத் தொடாது நிற்கும் தனிச்சட்டத்தில் உட்கூரை அமைத்தலே முறை.

காப்பு குளிரைப் படைப்பதில்லை என்பதையும் மறத்தல் கூடாது. பகலில் வெப்பம் நுழைவதைத் தடுக்கும் அதே காப்பு, உள்ளே நுழைந்துவிட்ட வெப்பம் இரவில் வெளியேறுவதையும் தடுக்கும். எனவே கதிரவன் சாய்ந்ததும் சன்னலையும் ஷட்டரையும் திறந்து குளிர்காற்றை உள்ளே விடுதல் காப்பின் மறுபாதியாகும்.

எங்கிருந்து தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய எல்லார்க்கும் இயலாது. ஆகலின் செலவின் ஏறுவரிசையில் கூறுவோம்.

முதற்படி நிழல். மேற்கு நோக்கிய ஷட்டர் பிற்பகல் வெயிலை முழுவதும் ஏற்கும். அதன்முன் மூங்கில் தட்டியோ கொடிப்பந்தலோ அமைத்தல் மிகச் சிறு செலவு. ஒரு வேப்பங்கன்று நட்டால் பத்தாண்டில் அது கொட்டகைக்கே குடைபிடிக்கும்.

இரண்டாம்படி வெண்மை. கான்கிரீட் தளத்திற்குச் சுண்ணாம்பே போதும். தகரத்திற்குச் சுண்ணாம்பு ஒட்டாது, தகட்டையும் அரிக்கும், அதற்குரிய வெள்ளைக் கூரைப்பூச்சு தனியே கிடைக்கின்றது. புதிய வெண்பூச்சு கதிரவன் ஒளியில் ஏறத்தாழ 70 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். தூசு படியப்படிய இவ்வாற்றல் குறைவதால் ஆண்டுதோறும் கோடைக்குமுன் கழுவியோ மீண்டும் பூசியோ வருதல் நலம்.

மூன்றாம்படி மின்னும் அலுமினியத் தாள். தகட்டின் அடியில் குறைந்தது 2 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, மின்னும் முகம் அவ்விடைவெளியை நோக்கி இருக்குமாறு இழுத்துக் கட்டினால், தன்மீது படும் வெப்பக் கதிர்வீச்சில் 90 விழுக்காட்டுக்கு மேல் அது திருப்பிவிடும். இடைவெளியின்றித் தகட்டோடு ஒட்டினால் அதனால் பயனில்லை. அப்போது வெப்பம் கடத்தலாய் இறங்கிவிடும்.

நான்காம்படியே பஞ்சும் பலகையும் கொண்ட முழுக்காப்பு. புதிதாய்க் கட்டுவோர் இதனைத் தொடக்கத்திலேயே திட்டத்தில் சேர்த்துவிடின் செலவு குறையும். வீடு கட்டும்போது முகப்பின் அலங்காரத்துக்கும் வாயில் வளைவுக்கும் செலவிடுவதில் ஒரு பகுதியைக் கூரைக்குத் திருப்பினாலே போதும். வீண்விரயம் விலக்கப்பட்டது என்பதை அறிந்த நமக்கு இது கடினமான தேர்வன்று.

யாருக்குக் காப்பு?

திருக்குர்ஆனின் 16ஆம் அத்தியாயமாகிய 'அந்நஹ்ல்' இறைவன் வழங்கிய அருட்கொடைகள் பலவற்றை நினைவூட்டுவது. அதன் 80, 81ஆம் வசனங்கள் இல்லத்தை அமைதி தரும் உறைவிடமாகவும், நிழலையும் வெப்பத்தினின்று காக்கும் ஆடையையும் இறைவனின் கொடைகளாகவும் எடுத்துரைக்கின்றன. வெப்பத்தினின்று பெறும் காப்பு ஓர் அருட்கொடை என்றால், அதனை நம் கூரையின் கீழுள்ள ஒருவருக்கு அளித்து மற்றொருவருக்கு மறுத்தல் அக்கொடைக்கு நன்றி செலுத்துவதாகுமா?

நம் சமுதாயப் பெரியவர்கள் பலர் பள்ளிவாசல்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் கொட்டகை அமைத்துத் தரும் நற்பணியைச் செய்து வருகின்றனர். அவர்கள் தகரத்தோடு காப்பையும் சேர்த்து அளித்தால் அவ்வறம் கோடையிலும் பயன்தரும். மாணவர்களுக்கு ஒன்று சொல்வோம். தங்கள் வீட்டில் எவ்விடம் மிகச் சூடாக இருக்கிறது, அவ்விடத்தில் பகற்பொழுதில் யார் இருக்கிறார் என்னும் இரு வினாக்களுக்கும் ஒரு கோடை நண்பகலில் நேரில் நின்று விடை காணுங்கள். ஒரு வெப்பமானியும் ஓர் ஏடும் போதும். விடை கிடைத்தபின் சுண்ணாம்பு வாளியை எடுக்க எவரும் ஏவ வேண்டியதில்லை.

வீடு என்பது அதன் கூடத்தாலும் முகப்பாலும் மட்டும் அளக்கப்படுவதன்று. அதன் கடைசிக் கூரையின் கீழ், கடைசியாக நினைக்கப்படுகின்றவர் எவ்வாறு இருக்கிறார் என்பதே அவ்வீட்டின் அளவுகோல். காப்பு அங்கிருந்து தொடங்கட்டும். எல்லாம் வல்ல இறைவன் அதற்கு அருள்புரிவானாக!